முத்தையன்கட்டு, ஸ்லொட் இரண்டு

மாங்குளம் சந்தியில், டயர்க்கடைக்கு மேல் அறை.
மின்விசிறி சுற்றும், காற்று வராது.
மடிக்கணினியில் ஆறு கோபுரங்கள்:
கிளிநொச்சி, இரணைமடு, மாங்குளம்,
ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, புதுக்குடியிருப்பு.
ஆறும் ஒன்றோடொன்று கதைக்க
எவ்வளவு அகலம் வேண்டும்?
திணைக்களம் ஒரே பக்கத்தில் பதில் கேட்கிறது.

அறுபது மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி.
உள்ளே குரல் இருபத்தேழு பைட்,
மேலே விலாசம் நாற்பது.
கடிதத்தைவிட உறை கனம்.
பூட்டுப் போட்டால் இன்னும் கனக்கும்.
இதை விளக்கியபோது கணக்காளர் திலகேஸ்வரன்
"அப்ப உறை இல்லாமல் அனுப்பேலாதோ?" என்றார்.
பகிடியில்லை. அவருக்குச் செலவு குறையவேண்டும்.

ஒருவர் கதைத்தால் ஐந்து பிரதி,
மற்ற ஐந்து கோபுரத்துக்கும் ஒவ்வொன்று.
இரண்டு ஸ்லொட்டும் நிறைந்தால் பத்து.
நூற்றைம்பது கிலோபிட் என்று சொல்லிவைத்தேன்.
கிடைக்கிற இணைப்போ
கீழே வர எட்டு மெகாபிட்,
மேலே போக நூற்றிருபத்தெட்டு கிலோபிட்.
கேட்பதற்கு வாய்க்கால், சொல்வதற்குக் குழாய்.
எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தானே என்றான்
வயர் இழுக்க வந்த பொடியன்.
அதை அறிக்கையில் எங்கே போடுவது?

பயிற்சி நாளில் வோக்கிகளைக் கொடுத்தேன்.
வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி,
அமத்தி, ஒரு மூச்சுப் பொறுத்து, பிறகு கதையுங்கள்
என்று நான் சொல்லும் முன்பே
நாலைந்து பேர் அப்படித்தான் பிடித்திருந்தார்கள்.
எங்கே பழகினீர்கள் என்று கேட்கவில்லை.
அடுத்த படத்துக்குப் போனேன்.

ஆடி மாதம் இரண்டு கிழமைப் பதிவு.
சோளகம் அடித்துக் குளமெல்லாம் வற்றிக்கிடந்த நேரம்.
நெரிசல் மணி: காலை எட்டு தொட்டு ஒன்பது.
அழைப்புக்குச் சராசரி பதினொரு செக்கன்.
அட்டவணை வடிவாகத்தான் இருந்தது.
ஜெசிந்தா, முத்தையன்கட்டு அறையில்
வோக்கிக்கு முன்னால் இருப்பவள்,
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது தண்ணி இல்லாத நாள் கணக்கு.
மார்கழியில வான் பாயேக்கை வாங்கோ,
எல்லாரும் ஒரே நேரம் அமத்துவம்.
எனக்கு எத்தனை செக்கன் வச்சிருக்கிறியள்?"

எர்லாங் சூத்திரப்படி
நூற்றில் இரண்டு தடவை அவளுக்கு இடமில்லை.
நான் அதைத் திருப்பி
தொண்ணூற்றெட்டுத் தடவை இடம் உண்டு என்றேன்.
"மற்ற ரெண்டும் எந்தக் கதவு?"

பதிவில் இன்னுமொன்று இருந்தது.
அநேகமாக ஒவ்வொரு நாளும், விடியப்புறம் இரண்டு மணியளவில்,
முத்தையன்கட்டு, ஸ்லொட் இரண்டு, நாலு செக்கன்.
குரல் இல்லை.
பிழை என்று மஞ்சள் பூசிவைத்திருந்தேன்.
விரல் எடுக்கும்வரை இந்தக் கருவி
ஒன்றுமில்லாததையும் பொதி கட்டும்:
அதே இருபத்தேழு, அதே நாற்பது, அதே ஐந்து பிரதி.

"அது லோகேந்திரன் அண்ணை. கட்டில ராக்காவல்.
அமத்தி விட்டாக் கோபுரம் டிக் எண்டு ஒரு சத்தம் போடுமெல்லே,
அது கேட்டாக் காணுமாம்" என்றாள் ஜெசிந்தா,
யாரோ தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை
என்று சொல்வதுபோல.

அன்றிரவு டயர்க்கடை பூட்டியபிறகு
சோதனைக் கருவியைத் திறந்துவைத்தேன்.
இரண்டு ஏழுக்கு விளக்கு எரிந்தது.
இரைச்சல்கூட இல்லை. டிஜிட்டல், அப்படித்தான்.
ஒருவர் அமத்தியிருக்கையில் மற்றவர் அமத்தேலாது.
அவர் விரல் எடுக்கும்வரை பொறுத்தேன்.
பிறகு நான் அமத்தினேன்.
சொல்ல எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

காலையில் பதிவில் இரண்டு வெற்று அழைப்பு.
மஞ்சளை அழித்து
இரண்டையும் மொத்தத்தில் கூட்டினேன்.
மார்கழிக்கென்று ஒரு நிரல் புதிதாகப் போட்டேன்.
மேலே போக ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

தாள் திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில், சிவப்பு மையில், திலகேஸ்வரன்:
"முதலில் நூற்றைம்பது என்றீர்.
மிச்சம் ஆருக்கு?"